மலையில் நாடு, தாளில் மாவட்டம்

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக அரூர் போகும் சாலையில் சேர்வராயன் மலையின் கிழக்கடிவாரத்தில் இருக்கிறது குப்பனூர். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலையேறி, கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்குப் போகிறது. மழைக்காலத்தில் பெரிய மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றால் ஏற்காட்டுக்கு இந்தக் குப்பனூர்ச் சாலைதான் துணை. மற்றொன்று நேரே மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டிப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு இறங்குகிறது. மூன்று நிலங்கள் சந்திக்கும் வாசல் இது: தெற்கே சேலத்துச் சமவெளி, கணவாய்க்கு அப்பால் தருமபுரிச் சீமை, தலைக்கு மேலே மலையாளிப் பழங்குடிகள் வாழும் மலை. கடந்த இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் இந்த மூன்று நிலங்களுக்கும் அரசாங்கங்கள் வைத்த பெயர்களையும் போட்ட எல்லைகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அரசு வரிவசூலுக்காக வகுத்த பிரிவுகள் அந்த வசூல் முறையோடு மக்கள் வாயிலிருந்து மறைந்துவிட்டன. மக்கள் தங்கள் கோயிலுக்கும் வழக்குத் தீர்ப்புக்கும் உறவுமுறைக்கும் வைத்துக்கொண்ட பிரிவுகள் எந்தச் சட்டத்தின் துணையும் இல்லாமல் நிற்கின்றன. இதில் ஒரு கொடுமையும் உண்டு. மறைந்த மாவட்டத்துக்குச் சான்றிதழில் இன்றைக்கும் அதிகாரம் இருக்கிறது. ஏற்காட்டு மலையில் வழங்கும் ‘நாடு’ என்ற ஊர்த்தொகுப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

முதலில் தாளில் இருந்தவற்றைப் பார்ப்போம். 1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தார். 1799-இல் அவர் வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பக்கமும் வந்து சேர்ந்தது. அன்றைய அதிகாரிகள் இந்த நிலத்தை மூன்று படிகளாகக் கண்டார்கள். மலைத்தொடருக்குக் கீழே சேலம், ஆத்தூர்ப் பக்கம் தாலகாட். கணவாய்களுக்கு வடக்கே தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கம் பாராமகால். அதற்கும் மேலே ஓசூர் மேட்டுநிலம் பாலாகாட். பாராமகால் என்பதற்குப் பன்னிரண்டு கோட்டைகள் என்று பொருள் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டு எவை என்று கொடுக்கப்படும் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இங்கேதான் கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்ரோவும் நிலத்தை அளந்து, உழவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். அந்தக் காலத்துக் கடிதங்களும் கணக்குகளும் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் அச்சாகியிருக்கின்றன. இந்தியாவின் நிலவரி வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் பெற்ற பாராமகாலைக் கிருஷ்ணகிரிச் சந்தையில் ஒருவரிடம் சொன்னால் அது ஊரா, மண்டபமா என்று கேட்பார். தாலகாட் என்ற பெயரோ ஆய்வு நூல்களுக்கு வெளியே அறவே இல்லை.

அடுத்து வந்தது மிட்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரீடும் மன்ரோவும் போட்ட முறைக்கு நேர்மாறாக, வங்காளத்து நிலையான வரித்திட்டத்தைப் பின்பற்றிச் சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதி மிட்டாக்களாகக் கூறுபோடப்பட்டு ஏலத்தில் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர் மிட்டாதார் ஆனார். பல மிட்டாதார்கள் வரியைக் கட்ட முடியாமல் தவறினார்கள். அந்த ஊர்கள் மறுபடியும் அரசின் நேர்ப்பொறுப்புக்கு வந்தன. எஞ்சியவை 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தன. மிட்டாதார் என்பது சில குடும்பங்களின் அடைமொழியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. எந்த ஊர் எந்த மிட்டாவில் இருந்தது என்று அந்த ஊர்க்காரருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்குத் தேவையும் இல்லை. மிட்டா எல்லையைத் தாண்டிப் பெண் எடுத்தார்கள், மிட்டா எல்லையைத் தாண்டித் தேர் இழுத்தார்கள். வரி கட்டும் நாளைத் தவிர வேறெந்த நாளிலும் அந்தக் கோடு மனிதர் வாழ்க்கையில் குறுக்கிடவில்லை.

மாவட்டங்களின் கதையும் இதற்கு அதிகம் மாறுபட்டதில்லை. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாமக்கல் திருச்சிராப்பள்ளியோடும் திருப்பத்தூர் வடஆற்காட்டோடும் சேர்க்கப்பட்டன. நாமக்கல் பிறகு சேலத்துக்குத் திரும்பி, 1997-இல் தனி மாவட்டமானது. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி பிரிந்தபோது, குப்பனூரிலிருந்து மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டுவது வேறு மாவட்டத்துக்குப் போவதாக ஆயிற்று. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. திருப்பத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். பாராமகாலில் இருந்தது, சேலத்துக்கு வந்தது, வடஆற்காட்டுக்குப் போனது, வேலூருக்குக் கீழே இருந்தது, 2019 நவம்பரில் தானே ஒரு மாவட்டத் தலைநகரானது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலே பலகைதான் மாறிக்கொண்டே வந்தது.

இப்போது குப்பனூரிலிருந்து மலையேறுவோம். மேலே, ஏற்காடு வட்டத்தில், 67 மலைக்கிராமங்கள். அவற்றில் பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தோடு இந்தப் பெயருக்குச் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த தமிழ்ப் பெயர், பேசுவதும் தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்கள், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளை அதிகாரிகள் இதைக் கேட்டு எழுதிவைத்தார்கள். 1883-இல் வெளிவந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடும், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தொகுதிகளும் இந்த மலைச் சமூகத்தைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. சேர்வராயன் மலை மோகநாடு, முட்டநாடு, சேலநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்தது. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்குப் பட்டக்காரர் அல்லது மூப்பன். நிலத் தகராறு, மணமுறிவு, திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் இந்த அடுக்கில் பேசித் தீர்க்கப்பட்டன. ஆண்டுதோறும் கோடையில் மலையின் உச்சியில், குகைக்கோயிலில் குடிகொண்ட சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் விழா நடக்கும்போது 67 ஊரும் கூடுகின்றன. மலைச் சமூகம் தன் முழு உருவத்தைத் தானே காணும் நாள் அது.

ஏற்காட்டில் நாடு வாய்மொழியில் மட்டும் வாழ்கிறது. மற்ற மலைகளில் அது பலகையிலேயே இருக்கிறது. கொல்லிமலையின் ஊராட்சிகளைப் படித்துப் பாருங்கள்: வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, சேலூர்நாடு, தேவானூர்நாடு, குண்டூர்நாடு, ஆலத்தூர்நாடு, திருப்புளிநாடு. கல்வராயன் மலையின் சேலம் பக்கத்தில் பெரிய கல்வராயன் மேல்நாடு, கீழ்நாடு, சின்னக் கல்வராயன் வடக்குநாடு, தெற்குநாடு. பச்சைமலையில் வண்ணாடு, தென்புறநாடு. ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு. கல்வராயன் மலையின் கதை இன்னும் அழுத்தமானது. அங்கே சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்கள் மலையை ஆண்டார்கள். இந்தியா விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த மலை அவர்கள் பிடியில் இருந்தது; 1976-இல்தான் ஜாகிர் முறை அங்கே முடிவுக்கு வந்தது. ஜாகிர் எல்லைகள் இன்று எங்கும் பெயராக இல்லை. மேல்நாடும் கீழ்நாடும் இருக்கின்றன.

நாடு என்பதும் ஒரு காலத்தில் அரசு போட்ட நிர்வாகப் பிரிவுதானே, அது பழசானதால் மக்கள் பிரிவு போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்று ஒருவர் மறுக்கலாம். சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் எழுப்பும் நியாயமான கேள்வி இது. ஆனால் அதே கல்வெட்டுகளில் விடையும் இருக்கிறது. சோழ நாட்டின் நாடுகளைக் கல்வெட்டு கல்வெட்டாகத் தேடி வரைபடத்தில் குறித்த எ. சுப்பராயலு, அவை அளவில் பெரிதும் சிறிதுமாக, ஊர்கள் இயல்பாகச் சேர்ந்த கொத்துகளாக இருப்பதைக் காட்டினார். கோல் பிடித்து வெட்டிய துண்டுகளாக அவை இல்லை. உழவர் குடியிருப்புகள் நீரையும் நிலத்தையும் பகிர்ந்து வளர்ந்த வட்டங்கள் அவை. அவற்றின் பேச்சாளர்கள் நாட்டார். அரசு தன் கையால் வகுத்தது எது என்றால், முதலாம் இராசராசன் உண்டாக்கிய வளநாடுதான். பல நாடுகளைச் சேர்த்தும் சில இடங்களில் பிரித்தும், ஆறுகளையும் வாய்க்கால்களையும் எல்லையாக்கி, தன் பட்டப்பெயர்களை அவற்றுக்குச் சூட்டினான்: அருமொழிதேவ வளநாடு, சத்திரியசிகாமணி வளநாடு. பின்வந்த மன்னர்கள் அந்தப் பெயர்களை மாற்றினார்கள். இன்று தஞ்சையில் தன் ஊர் எந்த வளநாடு என்று சொல்பவர் இல்லை. ஒரத்தநாடும் பாப்பாநாடும் பேருந்துப் பலகையில் ஓடுகின்றன. மலை நாடுகள் சோழர் கால நாடுகளின் நேர் வாரிசுகள் என்று நான் வாதிடவில்லை. நாட்டுக்கும் வளநாட்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஆயிரம் ஆண்டு கழித்தும் அதே விளைவைத் தருகிறது என்பதே என் வாதம்.

நம் காலத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1979-இல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு பெரியார் மாவட்டம் உருவானது. தொடர்ந்து திண்டுக்கல்லுக்கு அண்ணா, விருதுநகருக்குக் காமராசர், தூத்துக்குடிக்குச் சிதம்பரனார், திருநெல்வேலிக்கு நெல்லை கட்டபொம்மன் என்று மாவட்டங்கள் தலைவர்களின் பெயர்களைச் சுமந்தன. 1997-இல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டு ஊர்ப்பெயர்கள் வைக்கப்பட்டன. அந்தத் தலைவர்கள் மக்கள் மனத்திலிருந்து நீங்கிவிட்டார்களா? இல்லை. மாவட்டத்தின் பெயராக அவர்கள் மக்கள் பேச்சில் இடம்பிடிக்கவில்லை, அவ்வளவே. பதினெட்டு ஆண்டுகள் அரசாணையிலும் முத்திரையிலும் இருந்த ஒரு பெயரை, எடுத்த மறுநாளே மக்களால் விட்டுவிட முடிந்தது.

இன்னொரு மறுப்பு, மலை தனித்துக் கிடந்ததால்தான் பழைய பிரிவுகள் அங்கே பிழைத்தன, சாலையும் பள்ளியும் வந்தால் அவையும் போய்விடும் என்பது. சேர்வராயன் மலை அப்படித் தனித்துக் கிடக்கவில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அன்று முதல் தோட்டத்துரைகளும் மிஷனரிகளும் கூலிக்கு வந்தவர்களும் கோடைக்கு வந்தவர்களும் அந்த மலையில் நிறைந்திருக்கிறார்கள். உலகச் சந்தையோடு இரண்டு நூற்றாண்டு உறவுள்ள மலை அது. மலையைவிட்டு இறங்கிச் சமவெளிக்கு வந்தாலும் இதே நிலைதான். கொங்கு நாட்டுக்கு இருபத்து நான்கு நாடுகள் என்று கணக்கு. பூந்துறை நாடு, காஞ்சிக்கோயில் நாடு, பருத்திப்பள்ளி நாடு, ஏழூர் நாடு என்ற பெயர்கள் ஆலைகளும் ரயில் நிலையங்களும் நிறைந்த நிலத்தில் குலதெய்வக் கோயில் அழைப்பிதழ்களில் அச்சாகின்றன. தனிமை நாட்டைக் காப்பாற்றவில்லை, பயன்பாடுதான் காப்பாற்றியது.

காப்பாற்ற வேண்டியதுதானா என்று கேட்பவர்களுக்கு நான் மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். நாட்டுப் பஞ்சாயத்து நீதிமன்றத்துக்கு மேலான ஒன்று இல்லை. ஊரைவிட்டுத் தள்ளிவைத்தல், அபராதம், சபையில் பெண்களுக்கு இடமின்மை ஆகியவை அதன் வரலாற்றின் பகுதிகள். அந்த அதிகாரத்தை யாரும் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரையாக வந்த கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் நீக்கியது சரியான செயல் என்றே கருதுகிறேன். மாவட்டங்களைப் பிரிப்பதையும் நான் எதிர்க்கவில்லை. கல்வராயன் மலைக்குத் தனி வட்டம் வந்ததால், ஒரு சான்றிதழுக்காகக் கள்ளக்குறிச்சி வரை இறங்கிப் போன மனிதருக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும். ஒரு பிரிவின் அதிகாரம் ஒழிய வேண்டியதாக இருக்கலாம். அது இருந்தது என்ற பதிவு ஒழிய வேண்டியதில்லை. இந்த இரண்டையும் குழப்பியதால் விளைந்த தீங்கைத்தான் மலையாளிகள் இன்றைக்கும் சுமக்கிறார்கள்.

பட்டியல் பழங்குடிகளுக்கான ஆணையில், தமிழ்நாட்டுப் பகுதியில், மலையாளி என்ற பெயருக்கு எதிரே ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளிகள் மட்டுமே பழங்குடிகள் என்கிறது அது. 1976-இல் நாடாளுமன்றம் திருத்திய பட்டியல் இது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் பிறந்த புதுக்கோட்டை மாவட்டம் அதில் இருப்பதே, அன்றைய மாவட்ட வரைபடத்தை அப்படியே எடுத்துப் பட்டியலாக்கினார்கள் என்பதைக் காட்டும். இன்று வடஆற்காடு என்று ஒரு மாவட்டம் இல்லை, தென்னாற்காடும் இல்லை. கல்வராயன் மலையின் மேலே இருக்கும் ஓர் ஊர் தென்னாற்காட்டில் இருந்து, 1993-இல் விழுப்புரத்துக்கு வந்து, 2019-இல் கள்ளக்குறிச்சிக்குப் போயிருக்கிறது. அந்த ஊர்ப்பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கொடுக்க, இல்லாத மாவட்டத்தின் எல்லையை அதிகாரி மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பர்கூர் மலையின் மலையாளிகள் நிலை பொறுக்க முடியாதது. சேலம் மாவட்டத்தில் மேட்டூருக்கு மேற்கே பாலமலை. அங்கிருக்கும் மலையாளி பழங்குடி. அதற்கும் மேற்கே அந்தியூர்ப் பக்கம் பர்கூர் மலை. 1976-இல் அது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, இன்று ஈரோட்டில் இருக்கிறது. பட்டியலில் இரண்டு பெயருமே இல்லை. ஒரே மக்கள், ஒரே மொழி. இடையில் ஒரு மாவட்டக் கோடு. அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக் கிடைக்கும் கல்வி உதவியும் இடஒதுக்கீடும் மறுபக்கத்தில் பிறந்த குழந்தைக்குக் கிடைக்காது. தங்களையும் சேர்க்க வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை பல தேர்தல்களைப் பார்த்துவிட்டது. வரி வசூலுக்கும் தாலுகா வசதிக்கும் போட்ட கோட்டை ஒரு சமூகத்தின் எல்லையாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. மலையாளிகள் எங்கே வாழ்கிறார்கள் என்பதை அவர்களுடைய மலைகளையும் நாடுகளையும் கொண்டு எழுதியிருந்தால் எந்த மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் அந்தப் பட்டியல் பழுதாகியிருக்காது.

வேறு நாடுகளில் இதைச் சமாளித்திருக்கிறார்கள். பால்டிக் கடலோரத்து எஸ்தோனியாவில் கிஹெல்கொண்ட் என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர்களின் தொகுப்பு, நம் நாட்டைப் போன்றது. நிர்வாகம் அதைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. ஆனால் 1888-இல் யாக்கோப் ஹுர்ட் என்ற அறிஞர், நாட்டுப்பாடல்களையும் கதைகளையும் எழுதி அனுப்புங்கள் என்று மக்களுக்கு விடுத்த அழைப்புக்கு வந்து குவிந்தவை கிஹெல்கொண்ட் வாரியாகவே அடுக்கப்பட்டன. இன்றும் அங்கே வட்டார வழக்குகளையும் பெண்களின் பாரம்பரியப் பாவாடைக் கோடுகளையும் அந்தப் பிரிவைச் சொல்லித்தான் அடையாளம் காண்கிறார்கள். 2017-இல் உள்ளாட்சிகளை 213-இலிருந்து 79 ஆகக் குறைத்தபோதும் அந்தப் பழைய அடுக்கு கலையவில்லை. அண்டை நாடான லாத்வியா 2009-இல் தன் 26 மாவட்டங்களை ஒழித்தது. 2021-இல் 119 உள்ளாட்சிகளை 43 ஆகச் சுருக்கியது. அதே 2021-இல், மக்கள் தங்கள் அடையாளமாகக் கருதும் பழைய வரலாற்று நிலங்களை ஏற்றுக்கொள்ளும் தனிச் சட்டம் ஒன்றையும் அதன் நாடாளுமன்றம் இயற்றியது. நிர்வாகக் கோட்டை மாற்றுவதும் பழைய பெயரைப் பதிவில் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கொல்லிமலையும் இதையே நம் மாநிலத்துக்குள்ளேயே காட்டுகிறது. அங்கே நாடு ஊராட்சியின் பெயரானதால் பெயரும் பிழைத்தது, நிர்வாகமும் தடையின்றி நடக்கிறது. ஏற்காட்டில் அப்படி நடக்கவில்லை. நாகலூர், மாரமங்கலம், வேலூர், செம்மநத்தம், தலைச்சோலை என்று ஊராட்சிகள் ஊர்ப்பெயரில் அமைந்தன. அதில் தவறில்லை. ஆனால் மோகநாடு எங்கே முடிந்து முட்டநாடு எங்கே தொடங்குகிறது என்பதை மலையின் முதியவர்கள் நினைவில் மட்டும் விட்டுவைப்பது தவறு. சேலம் மாவட்ட நிர்வாகமும் பெரியார் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வாளர்களும் சேர்ந்து, ஏற்காடு வட்டத்தின் கிராமப் பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் நேரே அதன் நாட்டை எழுதி வெளியிட வேண்டும். பட்டியல் பழங்குடி ஆணையில் மலையாளிக்கு எதிரே உள்ள மாவட்ட அடைப்புக்குறியை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். இரண்டாவது வேலைக்குத் தில்லி வரை போக வேண்டும். முதல் வேலைக்குக் குப்பனூரில் மலைப்பாதையில் திரும்பி ஏறினால் போதும். மேலே 67 ஊர்கள்தான்.